அப்பாவின் தராசில் ஒரு விமான எஞ்சின்

நாங்கள் செய்த எஞ்சின் பறக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கல்லூரியில் விமானம் பற்றி ஆராய்ச்சி செய்தேன் என்று சொன்னால், கேட்பவர் உடனே வானத்தைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார். இரண்டும் ஒட்டவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். எங்கள் எஞ்சின் கடைசிவரை ஓர் இரும்பு மேசையில் நான்கு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டு, ஒரு தகரக் கொட்டகைக்குள்தான் இருந்தது. பறந்தது அப்பாவின் பெயர். மானம் கப்பலேறிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டு மானத்தை நான் விமானத்தில் ஏற்றி அனுப்பினேன். அதைத் திரும்பத் தரையிறக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்பாவுக்கு அம்பாசமுத்திரத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் பலசரக்குக் கடை. கல்லூரி, திருநெல்வேலிக்கும் அம்பை என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் எங்கள் ஊருக்கும் நடுவே வயல்களுக்கு மத்தியில் இருந்தது. கடைசி வருடத்தில் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டும். என்னோடு சேர்ந்தவள் பாளையங்கோட்டைக்காரி. அவள் அப்பா, அம்மா இருவரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். அதனால் எந்தத் தாளைக் கையில் கொடுத்தாலும் முதலில் பிழையைத் தேடுவாள். நான் எதையும் முதலில் நம்பிவிடுவேன், இல்லாவிட்டால் முதலில் சண்டை போட்டுவிடுவேன். நடுவில் யோசிப்பது என்று ஒன்று உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி ஆசிரியர், எந்தக் கோளாறுக்கும் 'பெல்ட்டைப் பாருங்க' என்று சொல்லிவிட்டுத் தன் இடுப்பு பெல்ட்டை ஒருமுறை ஏற்றிவிட்டுக்கொண்டு போய்விடுவார்.

சின்ன விமானத்துக்குப் பெட்ரோலும் மின்சாரமும் கலந்த உந்துசக்தி, இதுதான் எங்கள் தலைப்பு. அப்பாவுக்கு இதைப் புரியவைக்க நான் கடைப் பலகையில் படமெல்லாம் போட்டேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இருக்கிற எஞ்சினுக்கு என்னலே கொறச்சல்?" என்று கேட்டார். மேலே ஏறும்போது விமானத்துக்கு நிறைய பலம் வேண்டும், ஏறியபின் அதில் பாதி போதும், ஆனால் ஏறுவதற்காக வைத்த பெரிய எஞ்சினைப் போகிற வழியெல்லாம் சுமக்க வேண்டியிருக்கிறது என்றேன். எதிரே லாரியிலிருந்து அரிசி மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, "மூட்டையத் தலையில ஏத்திவிட இன்னொரு கை வேணும். ஏறிட்டா அவன் பாட்டுக்கு நடந்துருவான். அந்த இன்னொரு கைதான் மோட்டார். அப்படித்தான?" என்றார். நாங்கள் எழுதிய முன்னுரையில் மூன்று பக்கத்துக்கு இருந்த விஷயம் அது. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

எங்களுக்கு முந்தைய வருடத்து மாணவர்கள் ஒரு பெரிய பெட்ரோல் எஞ்சினை இதே மேசையில் வைத்துச் சோதித்திருந்தார்கள். அது புரொப்பல்லரைச் சுற்றி எட்டுக் கிலோ விசை தந்தது. நாங்கள் வயலில் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரின் சின்ன எஞ்சினையும் ஒரு மின்மோட்டாரையும் பெல்ட்டால் இணைத்து, இரண்டும் சேர்ந்து அதே எட்டுக் கிலோவைத் தருகின்றன என்று காட்ட வேண்டும். காட்டினால் ஆராய்ச்சி வென்றது. காட்டாவிட்டால், வயலில் உபயோகமாக இருந்த ஒரு நல்ல மருந்தடிக்கும் எஞ்சினைக் கெடுத்தோம் என்று அர்த்தம்.

விசையை அளப்பதற்குக் கல்லூரியில் ஒரு கருவி இருந்தது, தீப்பெட்டி அளவில் ஒரு உலோகத் துண்டு. அதற்கு லோட் செல் என்று பெயர். முதல் நாளே அதன் வயர்களை நான் மாற்றி இணைத்தேன். "இருலே, படத்தப் பாத்துக்கிடுதேன்" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே புகைந்துவிட்டது. புதிதுக்கு விண்ணப்பம் போட்டால், நாங்கள் படித்து முடித்துக் கல்யாணமாகிப் பிள்ளையைச் சேர்க்க வரும்போது வந்து சேரும் என்றார் வழிகாட்டி. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. நடுவில் அச்சில் ஆடும் ஓர் இரும்புக் கை. அதன் மேல்முனையைப் புரொப்பல்லர் இழுத்தால் கீழ்முனை தராசின் தட்டை அழுத்தும். எத்தனை கிலோ இழுக்கிறது என்று தராசே சொல்லிவிடும். தராசுக்கு எங்கே போவது? எங்கள் கடையில்தான் இருக்கிறதே, எண்களில் காட்டும் எலக்ட்ரானிக் தராசு.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை அடைப்பு. அப்பா தராசைத் துடைத்து, சாக்கில் சுற்றி, பிள்ளையைக் கொடுப்பதுபோல் கொடுப்பார். நான் பைக்கில் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு போவேன். அவள் காலையில் கோயிலுக்குப் போய் ஆராதனை முடித்துவிட்டு, பாளையங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வருவாள். தராசில் சீனியும் கருப்பட்டியும் எத்தனை வருடமாகச் சிந்தியதோ, எவ்வளவு துடைத்தாலும் எறும்பு அதைத் தேடி வந்துவிடும். இப்படி எங்கள் ஆராய்ச்சிக் கூடத்துக்கு எறும்பு வந்தது. எஞ்சினைக் கிளப்பினால் வரப்பில் மேயும் மயில்கள் பதிலுக்குக் கத்தும். வழிகாட்டி ஒருமுறை புரொப்பல்லருக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது நான் முழு வேகம் கொடுத்துவிட்டேன். அவர் கையிலிருந்த மாதத்தேர்வு விடைத்தாள்கள் அவ்வளவும் நடவு வயலுக்குள் போயின. அந்தத் தேர்வில் எல்லோரும் தேறிவிட்டோம்.

ஆனால் எட்டுக் கிலோ வரவில்லை. ஏழு கிலோ எண்ணூற்று நாற்பது கிராம் வந்தது. நூற்றறுபது கிராம் குறைந்தது. பெல்ட்டை மாற்றினோம். 7.84. பேரிங்குக்கு எண்ணெய் விட்டோம். 7.84. புரொப்பல்லரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். 7.83 ஆகிவிட்டது. வழிகாட்டியோ சென்னையில் நடக்கப்போகும் ஒரு கருத்தரங்குக்கு, 'எட்டுக் கிலோ' என்று முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டிருந்தார். "7.84-ங்கிறது கிட்டத்தட்ட எட்டுதான?" என்று பைய இழுத்தார். "கிட்டத்தட்ட மேல ஏறுத விமானத்துல நீங்க உக்காருவீங்களா சார்?" என்று கேட்டாள் அவள். அவர் பெல்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. தராசைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் அப்பா, "நூத்தியறுவது கிராம் கெடச்சுதா?" என்று கேட்பார். இல்லை என்பேன். அவர் அதை வாடிக்கையாளர்களிடம் சொல்லி வருத்தப்படுவார். கொஞ்ச நாளில், அண்ணாச்சி மகன் நூற்றறுபது கிராமைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறான் என்பது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "மேசைக்கு அடியில பாத்தியா தம்பி?" என்று அக்கறையாகவே விசாரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள், "எதை மாத்துனாலும் ஒரே கணக்குல கொறையுது. மோட்டார மட்டும் ஓட்டுனா அஞ்சு வரணும், நாலு தொளாயிரம் வருது. எனக்கென்னமோ எஞ்சின்ல கோளாறு இல்லன்னு தோணுது. தராச ஒருதடவ சோதிச்சுருவமா?"

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு கடைக்காரரின் தராசில் எடைக்கல்லை வைத்துப் பார்ப்பதும், அவர் சட்டைப்பையில் கை விடுவதும் ஒன்றுதான். "எங்க அப்பா தராச சந்தேகப்படுதியா?" என்று கத்தினேன்.

"உங்க அப்பாவ இல்ல. தராச."

"ரெண்டும் ஒண்ணுதான்!"

அப்பா பெயரைச் சொன்னால் அம்பையில் குழந்தையைக்கூட ஒற்றையாகக் கடைக்கு அனுப்புவார்கள், கேட்டுப் பார் என்றேன். அப்பாவின் நாணயத்தைப் பற்றி எஞ்சின் சத்தத்துக்கு மேலே ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். மயில்கள்கூட நடுவில் கத்தவில்லை. அதன்பிறகு இரண்டு வாரம் நாங்கள் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. "சார், அந்தப் பிள்ளைய ஸ்பேனர எடுக்கச் சொல்லுங்க" என்று நான் வழிகாட்டியிடம் சொல்வேன். அவர் ஒரு அடி தள்ளி நின்ற அவளிடம் சொல்வார்.

மூன்றாவது வாரம் அவள் தானாகவே பேசினாள். "நீ போய் டீ குடிச்சிட்டு வா" என்றாள். அவ்வளவு கனிவாக அவள் ஒருநாளும் பேசியதில்லை என்பது டீ குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. பாதி டம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்தேன். தராசின் நடுவில் ஒரு இரும்புக் குண்டு உட்கார்ந்திருந்தது. கல்லூரியின் அளவை ஆய்வகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி, மஞ்சப்பையில் தூக்கி வந்திருக்கிறாள், அரசாங்க முத்திரை குத்திய ஐந்து கிலோக் கல். தராசு 4.900 என்று காட்டியது.

குண்டை எடுத்தேன். தட்டைத் துடைத்தேன். எறும்பை ஊதினேன். நான்கு கால்களும் மேசையில் சமமாக நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன். 4.900.

அவள் சந்தோஷத்தில் குதித்தாள். தராசு காட்டுவதே குறைவு என்றால், நாங்கள் அளந்த 7.84 உண்மையில் எட்டு. எங்கள் எஞ்சின் இரண்டு மாதமாகச் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னாளாம். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. என் கண்ணில் பட்டது ஒன்றுதான், கடைத் தராசில் எடை குறைகிறது. கடைக்காரன் மகனுக்கு அந்த வாக்கியத்தில் ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. இரண்டு வாரத்துக்கு முன் நான் யாருக்காகக் கத்தினேனோ, அவர் ஊரை ஏமாற்றிய பணத்தில் என்னைப் படிக்க வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தராசைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கு அப்பாவும் அம்மாவும் திருச்செந்தூர் போயிருந்தார்கள். மறுநாள் காலைதான் திரும்பினார்கள். அப்பா வீட்டுக்கு வராமல் நேராகக் கடையைத் திறந்துவிட்டார். நான் தராசைத் தூக்கிக்கொண்டு போனபோது கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பக்கத்துத் தெருவின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, டீக்கடைக்காரர், இன்னும் சிலர். அப்பா நெற்றி நிறையத் திருநீறோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். கோயில் திருநீறு மடித்த பன்னீர் இலை ஒன்றை நீட்டினார். "எஞ்சினுக்கு வையி. முருகன்ட்ட நூத்தியறுவது கிராம் கேட்டுட்டு வந்துருக்கேன்" என்றார்.

நான் தராசை டொம்மென்று வைத்தேன். "எத்தன வருசமாப்பா இப்படி எடையில அடிக்குதிய?" என்றேன். "அஞ்சு கிலோ கல்ல வச்சா நாலு தொளாயிரம் காட்டுது. காலேஜ்ல வச்சுப் பாத்தாச்சு!"

தலைமையாசிரியை, கையில் வைத்திருந்த, முன்பே நிறுத்துக் கட்டிவைத்த துவரம்பருப்புப் பொட்டலத்தை மெதுவாகப் பலகையில் வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு இறங்கிப்போனார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் போனார்கள். அப்பா அந்த இலைப் பொட்டலத்தை என் சட்டைப்பையில் வைத்து, "காலேஜுக்கு நேரமாச்சு, போ" என்றார். அவ்வளவுதான். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

எதிர்க்கடை அண்ணாச்சி நல்ல மனிதர். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வருபவர். அன்று காலை பத்து மணிக்கு அவர் கடைக் கதவில் 'இங்கு சரியான எடை' என்று சாக்பீஸால் எழுதப்பட்டதாகக் கேள்விப்பட்டேன்.

கல்லூரியில் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். சொந்த அப்பாவையே தட்டிக்கேட்ட அரிச்சந்திரன் என்ற தோரணையில்தான் சொன்னேன், அதையும் மறைக்க வேண்டாம். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"எல்லாரு முன்னாலயுமா சொன்ன?"

"ஆமா. ஏமாந்தவங்க அவங்கதான?"

"ஒரு கிலோ சீனி கேட்டா உங்க அப்பா எது வரைக்கும் போடுவாவ?"

"தராசு ஒண்ணுன்னு காட்டுத வரைக்கும்."

"அந்தத் தராசுதான் கொறச்சுக் காட்டுதே. அதுல ஒண்ணுன்னு காட்டணும்னா நெசத்துல எவ்வளவு சீனி இருக்கணும்?"

மனக்கணக்காகப் போட்டேன். சரியாக வரவில்லை. அதாவது எனக்குப் பிடித்த மாதிரி வரவில்லை. தாளை எடுத்துப் போட்டேன். ஆயிரத்து இருபது கிராம். அடித்துவிட்டு மறுபடி போட்டேன். அதே ஆயிரத்து இருபது.

"லே," என்றாள் அவள், "உங்க அப்பா அடிக்கல. கூடக் குடுக்காவ."

நான்கு வருடம் விசையும் எடையும் படித்தவன் நான். தராசு குறைத்துக் காட்டினால் கடைக்காரன் கூடப் போட வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. குறைகிறது என்று கண்டதும் திருட்டு என்று முடிவுகட்டிவிட்டேன். அப்பா ஏன் அதை அங்கேயே சொல்லவில்லை என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கு நேரமில்லை. "கௌம்பு, இப்பவே போவோம்" என்றாள் அவள். அளவை ஆய்வகத்தில் ஒரு கிலோக் கல்லையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு அம்பை பஸ்ஸில் ஏறினோம்.

நாங்கள் போய் இறங்கியபோது எங்கள் கடையில் ஓர் ஈ காக்கை இல்லை. எதிர்க்கடையில் கூட்டம், அதில் தலைமையாசிரியையும் ஒருவர். நான் தெருவில் நின்று எல்லோரையும் கூப்பிட்டேன். "காலையில நான் சொன்னது தப்பு! இப்ப நிரூபிச்சுக் காட்டுதேன், வாங்க!" கூட்டம் கூடிவிட்டது. நான் முத்திரை குத்திய ஒரு கிலோக் கல்லை எல்லோருக்கும் காட்டிவிட்டுத் தராசில் வைத்தேன். 0.980.

கூட்டம் அதைப் பார்த்தது. நான் வெற்றியோடு கூட்டத்தைப் பார்த்தேன்.

"ஒரு கிலோவுக்கு இருபது கிராம் கொறையுதே," என்றார் டீக்கடைக்காரர். "பையன் காலையில சொன்னது நெசம்தான்."

"ஐயோ, கொறையல! கொறையுததுனாலதான் கூடுது!" என்று கத்தினேன். இதைக் கேட்டபின் காலையில் சந்தேகத்தோடு இருந்தவர்களுக்கும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பின்னாலிருந்து ஒருவர், "பாவம், படிப்பு ஏறிப்போச்சு" என்றார். நான் பலகையில் கணக்குப் போட்டுக் காட்ட ஆரம்பித்தேன். வகுத்தல் வந்ததும் இரண்டு பேர் நடந்துவிட்டார்கள். அப்பா உள்ளே தலையைக் குனிந்து காகிதத்தில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். போடுவதற்குச் சரக்கு வாங்க ஆளில்லை, மடித்துக்கொண்டே இருந்தார்.

அவள் என்னைக் கையால் ஒதுக்கிவிட்டாள். "எனக்கு ஒரு கிலோ சீனி போடுங்க அங்கிள்" என்றாள். அப்பா வழக்கம்போலத் தராசில் ஒன்று வரும்வரை போட்டுக் கட்டிக் கொடுத்தார். அவள் அதை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, எதிர்க்கடைக்கு நடந்தாள். கூட்டம் பின்னாலேயே போனது. "உங்க தராசுல இத ஒருதடவ வச்சுப் பாருங்க அண்ணாச்சி."

எதிர்க்கடை அண்ணாச்சி பொட்டலத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கதவில் தாம் எழுதியிருந்ததையும் பார்த்தார். "நம்ம தராசு நேத்துலருந்து கொஞ்சம் மக்கர் பண்ணுதும்மா" என்றார்.

தலைமையாசிரியை தன் பையிலிருந்த, சற்றுமுன் அங்கே வாங்கிய பருப்பை எடுத்து ஒருமுறை கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு கடை தள்ளி ஒரு கூரியர் அலுவலகம். அவர்கள் தராசில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவள் உள்ளே போய்ப் பொட்டலத்தை வைத்தாள். அங்கே இருந்தவர் தலையைத் தூக்காமல், "ஒண்ணு புள்ளி சைபர் ரெண்டு மூணு. எங்க அனுப்பணும்?" என்றார். நிமிர்ந்து பார்த்தால் முப்பது பேர் நிற்கிறார்கள்.

"மூணு கிராம் தாளும் நூலும்," என்றாள் அவள்.

தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து எண்களைப் படித்தார். பிறகு வகுப்பறையின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் குரலில், "கொறையல. இருபது கிராம் கூடுது" என்றார். நான் அரைமணி நேரம் பலகை நிறைய எழுதியதை ஒருவரும் நம்பவில்லை. டீச்சரம்மா சொன்னதும் ஊரே நம்பிவிட்டது. அவர் நேராக எங்கள் கடைக்கு ஏறிப்போய், "காலையில வச்சுட்டுப் போன பருப்ப எடுங்க அண்ணாச்சி" என்றார். அப்பா எடுத்துக் கொடுத்தார். காலையில் திருடன் என்றபோது நிமிர்ந்து நின்ற மனிதர், இப்போது நல்லவர் என்றதும் கூசிப்போய் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்.

கூட்டம் கலைந்தபின் அவள்தான் கேட்டாள், ஏன் இப்படி என்று. அப்பா பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்.

"முன்னால தொங்குதராசு வச்சிருந்தோம்லா. அதுல சரக்குத் தட்டு ஒரு விரல்கடை தாழ்ந்து நிக்கணும். தாழ்ந்தாத்தான் வாங்க வந்தவங்க முகம் மலரும். சமமா நின்னாக்கூட, 'என்ன அண்ணாச்சி'ன்னு கேட்டுருவாவ. இந்த எலக்ட்ரிக் தராசு வந்துச்சு. அதுல எங்கன தாழுதது? வெறும் நம்பருதான். வாங்குதவங்களுக்கும் திருப்தி இல்ல, எனக்கும் கை வரல. பொறவு தராசு ரிப்பேர் பாக்குதவர்ட்ட சொன்னேன். அஞ்சு கிலோ கல்லோட ஒரு நூறு கிராம் கல்லையும் சேத்து வச்சு, இதுதான் அஞ்சுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டாரு. தட்டு தாழ்ந்த மாதிரி ஆச்சு."

"காலையிலயே இதச் சொல்லிருக்கலாம்லா அங்கிள்?"

"என்னன்னு சொல்ல? நான் கூடக் குடுக்கேன்னு நானே சொல்லுததா? அதுபோக, கூட்டுனாலும் கொறச்சாலும் முத்திரைய உடச்சுத் தராசத் திருத்துனது தப்புதானம்மா. ஆபீசர் வந்து கேட்டா ரெண்டுக்கும் ஒரே பதில்தான்."

எனக்கு ஒன்று மட்டும் தாங்கவில்லை. இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் நூற்றறுபது கிராமைக் காணோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், இவரும் முருகனிடமெல்லாம் முறையிட்டிருக்கிறார். "எனக்காவது சொல்லிருக்கலாம்லப்பா?" என்றேன்.

அப்பா கொஞ்சம் தயங்கினார். "எல்லாருக்கும் கூடக் குடுக்குத தராசு. உன் எஞ்சினுக்கும் கொஞ்சம் தாராளமாக் காட்டும்னு நெனச்சேன்லே" என்றார்.

நானும் அந்தக் கணக்கைத் தலைகீழாகத்தான் போட்டிருந்தேன், அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அவள் மட்டும் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

அப்பா அந்த வாரமே தராசைச் சரிசெய்யக் கொடுத்து, புது முத்திரையும் வாங்கிவிட்டார். சரியான தராசில் எஞ்சினையும் மோட்டாரையும் சேர்த்து ஓட்டினோம். எட்டுக் கிலோ வந்தது, பத்து கிராம் கூடவே வந்தது. எங்கள் வழிகாட்டி, "நான் அப்பவே சொன்னேன்லா, பெல்ட்டுல ஒண்ணும் இல்லன்னு" என்றார். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், தராசில் நூற்றுக்கு இரண்டு பிழை எப்படி வந்தது, சூட்டினாலா, தேய்மானத்தாலா என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவள், "பழக்கத்தால சார்" என்றாள். அவர் தேய்மானம் என்று எழுதிக்கொண்டார். தேறிவிட்டோம்.

தேர்வு முடிந்த மறுநாள் அப்பாவோடு கடையில் இருந்தேன். வெயில் நேரம், தெருவில் ஆளில்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. ஊரைக்கூட்டி நிரூபித்ததே மன்னிப்புதான் என்று நானாக வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. அன்றைக்கு எப்படியாவது சொல்லிவிடுவது என்று, "அப்பா, அன்னைக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்றேன்.

"அது போவுது," என்றார். மிளகாய் மூட்டையின் வாயைச் சுருட்டிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "அந்தப் பிள்ள மொதல்ல தராச சோதிக்கணும்னு சொன்னப்ப நீ சண்டைக்குப் போனியாமே. ரெண்டு வாரம் பேசலையாமே."

"ஆமா."

"ஊர்க்காரங்க நம்புனது சரி. அவங்களுக்குத் தராசு என்ன காட்டுதோ அதுதான் நான். நீ எனக்காகச் சண்ட போட்டவன். ஒரு கல்ல வச்சுப் பாத்த ஒடனே மாறிட்டியே. வீட்டுக்கு வந்து, ஏம்ப்பா இப்படின்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்லா?"

பொய் சொல்ல எனக்கு வழியில்லை. அன்று முழுவதும் எவ்வளவோ யோசித்தேன், எவ்வளவோ கோபப்பட்டேன். அப்பாவிடம் கேட்போம் என்ற எண்ணம் மட்டும் ஒருமுறைகூட வரவில்லை.

"கேக்கணும்னு தோணலப்பா," என்றேன்.

அப்பா இப்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

"அதத்தாம்லே கேக்குதேன்" என்றார்.